தெருமுனை நைட்டிக்கு ஊர் கூடிய கதை

மயிலாப்பூரில் காலையில் காய் வாங்க வரும் பெண்களில் பாதிப் பேர் நைட்டியில்தான் வருவார்கள். நானும் அப்படித்தான். மேலே ஒரு துப்பட்டா, ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவியும் சில்லறையும். கீரைக்கட்டை வாங்க மூன்றாவது கை கிடையாது. ஒருநாள் முருங்கைக்கீரைக்குக் கை நீட்டியபோது வீட்டுச் சாவி நழுவி, மழைநீர் வடிகால் மூடியின் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. பூட்டை உடைக்க ஆள் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்து, அடையாறிலிருக்கும் தோழிக்கு போன் போட்டுப் புலம்பினேன்.

அவளும் நானும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒரே நாளில் வேலை போனவர்கள். அதிலிருந்து அவள் ஊறுகாய், மெழுகுவர்த்தி என்று வாரம் ஒரு வியாபாரம் ஆரம்பித்துக்கொண்டிருந்தாள், வாயாலேயே. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏன்டி, நைட்டிக்கு எவனும் பாக்கெட் வைக்க மாட்டேங்கறான்?"

இந்தத் தடவை வாயோடு நிற்கவில்லை. கெட்டிப் பருத்தி, சட்டைக் காலர், முழங்கை வரை கை, முன்பக்கம் உள்துணி, இரண்டு பக்கமும் போன் முழுசாக இறங்குகிற பாக்கெட். துப்பட்டா இல்லாமல் தெருமுனை வரை போய் வரலாம் என்பதால் 'தெருமுனை நைட்டி' என்று பெயர். தி.நகரில் ஒரு சந்துக்குள் மாடியில் தையல்கூடம் நடத்துகிற அம்மாவிடம் மாதிரிக்கு ஒன்று தைக்கச் சொன்னோம். உருது பேசுகிறவர், அங்கே வேலை செய்கிற எல்லாரையும் போல நாங்களும் அக்கா என்ற அர்த்தத்தில் ஆப்பா என்றே கூப்பிட்டோம். தைத்துக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு எடுத்துட்டு இனிமே வராதே. மொத்தமா துணி கொண்டா, மெஷின் போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

மொத்தமாகத் துணி எடுக்க எங்களிடம் எங்கே பணம்? அப்போதுதான் தோழி க்ரவுட் ஃபண்டிங் என்றாள். இணையத்தில் நம் யோசனையைப் போட்டுவைக்க வேண்டும். பிடித்தவர்கள் முன்கூட்டியே பணம் கட்டுவார்கள். இலக்கு எட்டினால் தைத்து அனுப்பலாம். எட்டாவிட்டால் பணம் அவரவருக்கே திரும்பிவிடும்.

அதற்கு ஒரு வீடியோ வேண்டும் என்றார்கள் அந்தத் தளத்துக்காரர்கள். மாதிரிக்குத் தைத்த நைட்டியைப் போட்டுக்கொண்டு கோயில் குளக்கரையோரம் நான் நடக்க, தோழி போனில் எடுத்தாள். நான் பாக்கெட்டுக்குள் கைவிட்டு ஸ்டைலாகச் சாவியை எடுக்கிற இடத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"இன்னா மேடம், இன்னா எட்த்துகினு கீறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"இந்த நைட்டிக்கு விளம்பரம்ணா."

"நைட்டியா? டீச்சரு யாரோ ஸ்கூலுக்குப் போய்க்கினு கீறாங்கன்னு நென்ச்சேன்!"

நாங்கள் ராத்திரியெல்லாம் எழுதி வைத்திருந்த வசனத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவர் சம்மதத்தோடு அதையே வீடியோவின் கடைசியில் வைத்தோம்.

முதல் வாரம் பணம் கட்டியவர்கள் எங்கள் பழைய ஆபீஸ்காரர்கள் மட்டும்தான். பிறகு அப்படியே நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டு, "இந்த நேரத்தில் உங்கள் உதவி எங்களுக்கு மிகவும் தேவை. சிறு தொகையும் பெரிதுதான்" என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் இணைப்பைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை என்பதை மறந்துபோனேன்.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. வேளச்சேரியிலிருந்து சித்தப்பா. கையில் ஒரு பை சாத்துக்குடி, பிரெட் பாக்கெட். செருப்பைச் சத்தம் வராமல் கழற்றினார்.

"தூங்கறாரா?" என்றார் மெதுவாக.

"யாரு சித்தப்பா?"

பதில் சொல்வதற்குள் என் கணவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தார். சித்தப்பா பதறி எழுந்தார்.

"மாப்ளே, நீங்க நிக்காதீங்க! முதல்ல உக்காருங்க. டாக்டர் என்ன சொல்றார்?"

என் கணவருக்கு முந்தின வாரம்தான் கடைவாய்ப் பல்லில் வேலை நடந்திருந்தது. சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்ற ஆச்சரியத்தோடே உட்கார்ந்தார். "ரூட் கெனால் மாமா. இப்போ பரவால்ல. இன்னொரு தடவை வரச் சொல்லிருக்காங்க."

சித்தப்பா முகம் மாறியது. "பல்லா?" என்று என்னைப் பார்த்தார். "ஒரு பல்லுக்கா ஊரெல்லாம் வசூல் பண்றே?"

அந்த மாதிரித் தளங்களில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் பணம் கேட்பார்கள். சித்தப்பா என் செய்தியை மட்டும் படித்துவிட்டு, என் கணவருக்குத்தான் ஏதோ பெரிய நோய் என்று முடிவுகட்டி, இரவோடு இரவாக உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டிருக்கிறார். நான் வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். ஆட்டோக்காரர் பேசியபோதுகூடச் சிரிக்கவில்லை.

"நைட்டிக்காகவா நான் என் சம்பந்திகிட்ட அழுதேன்?"

என் கணவர் ஒரு சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்திருந்தார். தளத்தைத் திறந்து பார்த்தால் இலக்கு ஏறக்குறைய எட்டிவிட்டது. எல்லாம் சொந்தக்காரர்கள். அளவு, நிறம் எதுவும் குறிப்பிடாமல், 'சீக்கிரம் குணமாகட்டும்' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள்.

அதை வைத்துக்கொள்ள முடியாது என்பதில் எனக்கும் தோழிக்கும் சந்தேகமே இல்லை. அன்றைக்கு முழுவதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை என்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாமா பாதியிலேயே போனை வைத்துவிட்டார். சிலர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தாம்பரத்து அத்தைதான் உலுக்கி எடுத்துவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையா? நல்லாத்தான் இருக்கு! மாப்ளைக்காக நான் திருப்பதி மலை நடந்து ஏறறேன்னு வேண்டிக்கிட்டேனே. இப்போ என் முட்டியை வெச்சுக்கிட்டு அதை யார் ஏறறது?"

"பணத்தைத் திருப்பி அனுப்பிடட்டுமா அத்தை?"

"வேணாம். டபுள் எக்ஸெல் இருக்கா? அடர்த்தியான கலரா பாரு. சாயம் போச்சுன்னா அப்புறம் பேசிக்கறேன்."

அத்தைக்குப் பின்னால் மற்றவர்களும் அளவு சொன்னார்கள். சித்தப்பா உண்மையென்று நம்பிப் பரப்பிய சேதி அதற்குள் அவர்கள் அக்கம்பக்கம் வரை போயிருந்ததால், என்ன ஏதென்று பார்க்க வந்த முகம் தெரியாதவர்களும் வீடியோவைப் பார்த்துக் கட்டினார்கள். இலக்கு தாண்டியது. ஆப்பா சொன்னபடி மெஷின் போட்டார்.

தைத்தவற்றை எங்கே அடுக்குவது என்று நாங்கள் முழித்தபோது, அதுவரை என்னோடு பேசாமல் இருந்த சித்தப்பாவே போன் செய்தார். வேளச்சேரியில் அவர் வீடு மூன்றாம் மாடி. பையன் வெளிநாடு போனதிலிருந்து ஒரு அறை சும்மா கிடக்கிறது. மூட்டைகள் அங்கே போன நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக் குடும்பங்கள் நனைந்துபோய் மேலே ஏறி வந்துவிட்டன.

சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார். "பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் சொட்டச் சொட்ட நிக்கறாங்க. மாத்திக்கத் துணி இல்ல. நான் உன் மூட்டையைப் பிரிச்சுட்டேன்."

"பிரிங்க சித்தப்பா."

"பிரிச்சுட்டேன்னுதானே சொல்றேன்."

பிறகு ஒரு படம் அனுப்பினார். மாடிப்படியில் ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் ஒரே இலைப்பூ நைட்டியில். ஒருத்தி இடுப்பில் குழந்தை, மறுகையில் பால்குக்கர். பாக்கெட்டில் போன் எட்டிப் பார்த்தது. எங்கள் வீடியோவுக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்காமல் போனதே என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள். காத்திருந்தவர்களுக்கு நடந்ததை எழுதி, தாமதமாகும் என்றோம். கோபித்துக்கொண்டவர்கள் குறைவு. திரும்பத் தைத்துப் பொங்கலுக்குப் பிறகு எல்லாருக்கும் அனுப்பி முடித்தோம். லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; ஆனால் இரண்டாம் முறை துணி எடுக்க யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் தெற்கு மாட வீதியில் ஒரு பெண் எங்கள் நைட்டியில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார். யாரென்றே தெரியாது. மனசு கேட்காமல் பக்கத்தில் போய், "நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"கடையில கிடைக்காதுங்க. எங்க சொந்தக்காரங்க தைக்கறாங்க."

"எனக்கும் ஒண்ணு சொல்லி வைக்க முடியுமா?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கேட்டுப் பாக்கறேன். ஆனா அவங்க ரொம்ப பிஸி."