பதினான்கு போத்தல்கள்

அம்மாக்கண்ணுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் வலப்பனைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்தை எந்த ஆராய்ச்சிக்காரரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வந்த ஆராய்ச்சி கெட்டுப்போனதும் அதே வாயால்தான்.

அவள் புருஷன் ஆண்டியப்பன் பதினெட்டு வருஷம் முதுகில் டாங்கியைச் சுமந்து, தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லுக்கு மருந்து அடித்தவர். கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. ஐம்பத்தோரு வயதில் போய்ச் சேர்ந்தார். அதே லயத்து வரிசை வீடுகளிலிருந்து போய் மருந்து அடித்த இன்னும் மூன்று பேருக்கும் அதே கதிதான். காரணம் கேட்டால் ஆஸ்பத்திரியில் தெரியாது என்றார்கள். தோட்டத்து ஆபீசில் மட்டும் எல்லாம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மலையிலிருக்கும் கல் அப்படி, குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் அந்தக் கல்லில் ஊறி வருகிறது, மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள்.

அப்பாவின் டாங்கி இப்போது மகன் யோகேஸ்வரனின் முதுகில். முப்பது வயதுதான். கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் அவன் காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. அம்மாக்கண்ணுவின் தூக்கம் போனது அந்தக் குழியைப் பார்த்த பிறகு.

ஷாமிலா என்ற பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வலப்பனை டவுனில் ஒரு கிளினிக்குக்கு வந்திருந்தபோது, அம்மாக்கண்ணு கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள். கதையைச் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. அடுத்த மாதமே ஷாமிலா தோட்டத்துக்கு வந்துவிட்டாள். கல்லை உடைத்து எடுத்தாள், மண்ணை அள்ளினாள், பீலியில் தண்ணீர் பிடித்தாள். பிறகு பதினான்கு சின்னப் போத்தல்களை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தாள்.

"கல்லாலயா மருந்தாலயான்னு கண்டுபுடிக்கணும்னா, மருந்து அடிக்கிறவங்க காலையில போற மொத ஒண்ணுக்கு வேணும்மா. போத்தல்ல பேர் எழுதத் தேவையில்ல, நம்பர் மட்டும்தான். யாரோடதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தோட்டத்துக்குத் தெரியாது. இதை மறக்காம எல்லாருக்கும் சொல்லுங்க."

அம்மாக்கண்ணு எல்லாம் சொன்னாள். அதை மட்டும் சொல்லவில்லை. வெறும் நம்பர் என்றால் இந்த ஆம்பிளைகள் மதிக்க மாட்டார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பதிலாக வீடுவீடாக நின்று கெத்தாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள்.

"இது சும்மா வெளாட்டு இல்ல. ரிப்போட்டு நேரா தொரை கைக்குப் போகும். அவரே பாத்து மருந்த நிப்பாட்டுவாரு!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குள் பதினான்கு போத்தலும் நிரம்பி வந்தன. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து ஷாமிலா வந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஷாமிலாவின் முகமே சரியில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பதினாலு போத்தல்லயும் இருந்தது ஒரே ஆளோடது. மரபணு சோதனைல தெரிஞ்சிச்சு. அதுவும் நல்ல சொகமான ஆள். பன்னெண்டு தோட்டத்துல உங்க தோட்டத்த மட்டும் ஆராய்ச்சியிலருந்து எடுத்துட்டாங்க."

"மறுபடி எடுங்க மிஸ். இந்த தடவ நான் பக்கத்துலயே நின்னு வாங்கித் தாறேன்."

"எடுக்கிற காலம் முடிஞ்சிட்டும்மா. கல்லு, மண்ணு, தண்ணி எல்லாம் இருக்கு. ஆளுங்களோடது இல்லாம அத வெச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது. மத்த தோட்டங்கள்ல சிறுநீரகத்துல பழுது தெரிஞ்சவங்கள அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்."

"ஒரு வெறும் போத்தலாவது குடுங்க."

"ஒண்ண வெச்சு எதையும் நிரூபிக்க ஏலாது," என்றாள் ஷாமிலா. ஆனாலும் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் லயமே அதிர்ந்தது. எவன்டா அவன், பதினாலு பேருக்கும் சேத்து ஊத்துனவன் என்று அம்மாக்கண்ணு நடுவாசலில் நின்று கத்தினாள். மருந்து அடிப்பவர்களில் மூத்தவரான மூக்கன்தான் வெளியே வந்தார்.

"கத்தாத தங்கச்சி. சோலமலதான் குடுத்தான்."

சோலைமலை கொழும்பில் கடையில் நிற்பவன். அப்போது லீவில் வந்திருந்தான், ஆள் மாட்டைப்போல இருப்பான். விடிகாலை நாலு மணிக்கே அவனை எழுப்பி, வீட்டுக்கு வீடு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அந்தப் பாவியை ஒன்பது மணிவரை நிற்கவைத்துப் பதினான்கு போத்தலையும் நிரப்பியிருக்கிறார்கள்.

"நோயாளின்னு தெரிஞ்சா வேலையாளுங்க செக்ரோல் புத்தகத்துல பேர வெட்டிருவாங்க," என்றார் மூக்கன். "வேல போனா இருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். புள்ளகுட்டியோட எங்க போறது?"

"பேர வெட்டுவாங்கன்னு எவன் சொன்னான்? தொரைக்குத் தெரியும்னு எவன் சொன்னான்?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து யோகேஸ்வரன்தான் மெதுவாகச் சொன்னான்.

"நீதாம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவனும் சோலைமலையுடையதைத்தான் கொடுத்திருக்கிறான் என்பது அவன் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஷாமிலா கொடுத்த போத்தலை மகன் கையில் திணித்துவிட்டுக் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றாள். வெளியே வந்த போத்தலின் கழுத்துவரை நுரை. குசினித் திண்டில் வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். தண்ணீர் கொதித்தது, சாயம் இறங்கியது, மகன் குடித்தும் முடித்தான். நுரை அடங்கவில்லை. ஆண்டியப்பனின் கடைசி வருஷத்தில் வீட்டுப் பின்பக்கச் சாக்கடைக் கானில் இதே நுரையைத் தினமும் வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளியவள் அவள். அவளுக்கு எந்த லேப்பும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மாதம்! அந்த ஐந்து மாதமும் இவன் டாங்கியைச் சுமந்திருக்கிறான்.

வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று யோகேஸ்வரன் சப்பாத்தை மாட்டினான்.

"அதக் கழட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வேல வாங்குற கண்டாக்கையா கேட்டா என்னம்மா சொல்றது?"

அம்மாக்கண்ணு போத்தலின் மூடியை இறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள். "நான் சொன்னதே போதும்."