மாலையோடு ஜெனீவா போன படம்

என் தம்பி இறந்துவிட்டான் என்று முதன்முதலில் அறிவித்த இடம் ஜெனீவா. அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் சொல்லவில்லை. பொலிஸ் சொல்லவில்லை. நாங்கள் ஏறி இறங்கிய எந்த விசாரணைக் குழுவும் சொல்லவில்லை. உலக நாடுகள் கூடி மனித உரிமை பேசுகிற அந்த ஊரில், மண்டபத்துக்கு வெளியே இருந்த நடைபாதையில், ஒரு பலகையில் ஒட்டிய படத்தின் மூலம் எங்கள் நாடு அதைச் சொன்னது. அந்தப் படத்தில் தம்பியின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம், தொழில் கடல். காற்றுக் கொஞ்சம் திரும்பினாலே வள்ளத்தைக் கரைக்கு விடுகிறவன் என்று தொழிலாளர்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். ஓம், நான் பயந்தவன்தான். அப்படிப்பட்டவன் பேனை எடுத்திருக்கிறேன் என்றால் எவ்வளவு எரிகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

போர்க் காலத்தில் ஒருநாள் வலைக்கு நூல் வாங்க யாழ்ப்பாணம் போனான் தம்பி. திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, அவனை மட்டும் இறக்கினார்கள். பஸ் ஊருக்கு வந்தது. அவன் வாங்கிய நூலை யாரோ ஒரு மனுசி பத்திரமாகக் கொண்டுவந்து தந்தாள். அவன் வரவில்லை.

அவனுடைய மனைவி பக்கத்து வளவில் இருக்கிறாள். இன்றைக்கும் கழுத்தில் தாலி இருக்கிறது. கார்த்திகை மாதம் எங்கள் மாதா கோவிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கும்போது ஒவ்வொரு குடும்பமும் பெயர்ப் பட்டியல் கொடுக்கும். இத்தனை வருடத்தில் அவள் தம்பியின் பெயரைக் கொடுத்ததில்லை. அவனுடைய பிறந்தநாளுக்குச் சுகம் வேண்டித்தான் பூசை சொல்லுவாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு சொத்து: தேடித் தரச் சொல்லிக் கொடுத்த முறைப்பாடு. அந்தக் கோப்பு மூடப்படாமல் இருக்கும் வரைக்கும் தம்பியைத் தேடுவது அரசாங்கத்தின் கடமை. மரணப் பத்திரம் எடுத்தால் தேட ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

வெளிநாட்டுத் தூதுவர்கள் தீவுப் பக்கம் வருகிறார்கள், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு உதவி கொடுக்கப்போகிறோம், போட்டோவோடு வாருங்கள் என்று கிராமத்து அரசாங்க அலுவலரான விதானையார் வந்து சொன்னபோது அவள் போகமாட்டேன் என்றாள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. யாரும் போகாவிட்டால், கூப்பிட்டு வராத குடும்பம் என்று எழுதிவிடுவார்களோ, அதையே சாக்காக வைத்துக் கோப்பை மூடிவிடுவார்களோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் போட்டோவை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நான் போனேன்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் பந்தல். சமாதானம், அபிவிருத்தி, மனித உரிமை என்று மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் பதாகை. என் பெயரைக் கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, எனக்கு மாலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாலை விழுந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். போட்டபடி நிற்கிறவனைப் பெருமைக்காரன் என்பார்கள். நானும் கழற்றினேன். இடது கையில் தம்பியின் போட்டோ. மாலையை வைக்க இடம் தேடுவதற்குள் வலது கையில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைத் திணித்துவிட்டார்கள். மூன்றாவது கை எனக்கு இல்லை. அந்த அவசரத்தில் மாலை போட்டோச் சட்டத்தின் மூலையில் தொங்கி நின்றது. கமராக்காரன் சிரிக்கச் சொன்னான். பயத்தில் நான் சிரித்தேன். இறங்கியதும் மாலையைக் கதிரையில் போட்டுவிட்டு வந்தேன். எதற்கெடுத்தாலும் யோசித்துச் சாகிற நான், அதை மட்டும் யோசிக்கவில்லை.

சுவிஸில் இருக்கிற என் அக்கா, ஜெனீவாவில் கூட்டம் நடக்கும் நேரங்களில் வெளியே குளிரில் பதாகை பிடித்து நிற்பவள். அந்த முறை உள்ளே போக அனுமதி கிடைத்த ஒருவர் படம் எடுத்துவந்து காட்ட, அவள் எனக்கும் தம்பியின் மனைவிக்கும் ஒரே நேரத்தில் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். மாலை போட்ட தம்பி, சிரிக்கிற நான், ஐஸ் பெட்டி. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இழப்பை ஏற்றுக்கொண்டு அபிவிருத்தியின் கைபிடித்து முன்னே போகிற தீவுக் குடும்பம் என்று எழுதியிருப்பதாக அக்கா சொன்னாள். உள்ளே எங்கள் நாட்டின் பேராளர் பேசும்போதும், வடக்கில் குடும்பங்கள் மனம் ஆறிவிட்டன என்று சொன்னாராம்.

தம்பியின் மனைவி வந்து என் முற்றத்தில் நின்றாள். வீட்டுக்குள் வரவில்லை.

"அத்தான், நீங்கள் அவருக்கு மாலை போட்டனீங்களோ?"

"இல்லை பிள்ளை. எனக்குப் போட்டதைக் கழட்டினனான்."

"கழட்டி எங்க வைச்சனீங்கள்?"

நான் போனில் இருந்த படத்தைத் திரும்பவும் பார்த்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். பிறகு என் வீட்டிலிருந்து மீன் கொடுத்துவிட்டாலும் திருப்பி அனுப்பினாள்.

கோவில் மூப்பர் வழியில் என்னைக் கண்டு, இந்தக் கார்த்திகைக்குத் தம்பியின் பெயரையும் சேர்க்கவோ என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனுசன்தான். அதற்குள் ஊர் முழுக்கப் போன்களில் சுற்றிய படத்தை அவரும் பார்த்திருக்கிறார். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் எந்தத் தமிழனும் வேறு என்ன நினைப்பான்?

இரண்டு மாதம் கழித்து விதானையார் ஒரு படிவத்தோடு அவளுடைய வளவுக்கு வந்தார். மரணப் பதிவுக்கான படிவம். நிரப்பியே வந்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அதைக் கண்டதும் தம்பியின் மனைவி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "வெளிக்கிடுங்கோ அத்தான்" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. படிவத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் பிரதேச செயலகத்துக்குப் புறப்பட்டோம்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி எங்கள் ஆள், தமிழ், என் மகனின் வயது. எழும்பிக் கதிரை தந்தார். உலகம் முழுக்க உங்கட முகம் போயிருக்கு அண்ணை என்று சிரித்தார். அது பகிடி என்று நினைத்தார் போல. அந்தப் படம் பிழை, தம்பி இறந்ததாக நாங்கள் சொல்லவில்லை, அதைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, நாடு அங்க சொல்லிப்போட்டுது. எழுத்தில போயிட்டுது. இனி இங்கயிருந்து மாத்த ஏலாது."

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ உடைந்தது. எங்கள் நாடு ஜெனீவாவில் நன்றாகப் பேசும். வானொலியில் கேட்கிறேன். எங்கோ ஒரு தேசத்தில் குண்டு விழுந்து குழந்தைகள் சாகிறார்கள், நிறுத்துங்கள் என்று எங்கள் பேராளர் கேட்டார். அது சரி. நானும் அந்தக் குழந்தைகளுக்காகச் செபமாலை சொல்லியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸிலிருந்து இறக்கிய ஒருவன் எங்கே என்று கேட்டால், பதினேழு அரசாங்கக் கந்தோரில் பதினேழு பேர் தகவல் இல்லை என்பார்கள். தகவல் இல்லாதவர்களுக்கு அவன் செத்தது மட்டும் எப்படித் தெரிந்தது? என் கழுத்தில் போட்ட பூ, அவனுக்கு விழுந்த தீர்ப்பாக எப்படி ஆனது? நான் இதையெல்லாம் அதிகாரியிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் சுவருக்குச் சொன்னேன்.

அவள்தான் பேசினாள். ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். இதற்கென்று படிவம் இல்லையே அக்கா என்றார் அவர். "அதுதான் வெள்ளைத்தாள் கேக்கிறன்" என்றாள்.

அவள் சொல்ல நான் எழுதினேன். என் கணவர் இறந்ததாக நான் எவரிடமும் சொல்லவில்லை. படத்தில் இருக்கும் மாலை வரவேற்புக்காக என் கணவரின் அண்ணனுக்குப் போட்டது. என் முறைப்பாடு அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவுதான். எழுதி முடித்ததும், கீழே என் பெயரில் ஒரு வரி சேர்க்க நினைத்தேன். மாலையை அங்கே தொங்கவிட்டது என் பிழை, மன்னிக்கவும் என்று. அவள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை எழுதாதேங்கோ. உங்கட பிழை எண்டு எழுதினால் அவையின்ர பிழை இல்லாமல் போயிடும்."

எழுதவில்லை.

தாளை வாங்கிய அதிகாரி, விட்டுவிட்டுப் போங்கோ, பார்ப்போம் என்றார். முத்திரை குத்தி ஒரு பிரதி தரச் சொன்னாள். குத்தினால் அது கொழும்புக்குப் போக வேண்டும், தனக்குக் கேள்வி வரும் என்றார். அவள் கதிரையில் இருந்துகொண்டாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பஸ் போய்விடுமோ, வீட்டுக்கு யாரும் விசாரிக்க வருவார்களோ, என் மீன்பிடி அனுமதியில் கை வைப்பார்களோ என்று பயந்தேன். எழும்புவோம் என்று சொல்ல இரண்டு தரம் வாய் திறந்தேன். சொல்லவில்லை. அலுவலகம் பூட்டும் நேரத்தில் அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார். நிரப்பிய மரணப் படிவம் கையெழுத்தில்லாமல் அவருடைய மேசையிலேயே கிடந்தது.

அக்காவிடம் பிரதியை அனுப்பினேன். அதற்குள் அங்கே கூட்டம் முடிந்து பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். படம் மட்டும் எத்தனை நாட்டுக்காரர் கண்ணுக்குள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் கொழும்பிலிருந்து பதில் வந்தது. காலஞ்சென்ற உங்கள் கணவர் தொடர்பான கடிதம் கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை. இத்தனைக்கும் பிறகு அதே சொல். அவள் அதை என் மடியில் போட்டுவிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்பது போலப் பார்த்தாள்.

பேனையை எடுத்து "காலஞ்சென்ற" என்ற சொல்லை, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டு வெட்டினேன். அலுவலகக் கடிதத்தில் வெட்டினால் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் கையெழுத்து வைத்தாள். கீழே நானும் வைத்தேன். பதிவுத் தபாலில் அதே விலாசத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல்லோடு இன்னொரு கடிதம் வந்தால் அதையும் வெட்டுவேன்.