வெளிநாட்டுக் கணக்கு, வாடிப்பட்டி கிளை

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்து முதல் முழு ஆண்டு முடிந்தபோது, வரித் தாளில் ஒரு கேள்விக்கு முன்னால் என் பேனா நின்றது. வெளிநாட்டு வங்கிக் கணக்கு எதிலாவது உங்கள் பெயரோ கையெழுத்து அதிகாரமோ இருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை வெளிநாடு என்பது நான் அப்போது உட்கார்ந்திருந்த ஊர்தான். அவர்களுக்கோ மதுரை வெளிநாடு.

விதி சிக்கலில்லாதது. எல்லாக் கணக்கையும் கூட்டி, வருடத்தில் ஏதாவது ஒரு நாள் பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி ஜூன் முடிவதற்குள் அந்த நாட்டுக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் பாதிதான் என்னுடையது என்று குறைத்து எழுத முடியாது. இதற்கென்று வரி கிடையாது, தகவல் மட்டும்தான். ஆனால் விட்டுவிட்டால் அபராதம் கடுமையானது. மென்பொருளில் விடுபட்டதைத் தேடிப் பிடிப்பதுதான் நான் பார்த்த வேலை. அதனால் பயம் எதுவும் வரவில்லை.

எனக்கு இடைஞ்சலாக இருந்தது என் ராசி. நான் பிறந்த வாரத்தில் அம்மா வீட்டுக் கிணற்றில் ஊற்று கிளம்பியதாம். அதிலிருந்து சொந்தத்தில் யார் வங்கியில் பணம் போட்டாலும் என் பெயரையும் சேர்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. கையெழுத்து அட்டையை நீட்டுவார்கள், நானும் போட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடுவேன். எத்தனை பாஸ்புத்தகங்களில் நான் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

மே மாதம் விடுமுறையில் ஒத்தக்கடை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துக் கட்டம் போட்டேன். எந்த வங்கி, யாருடைய பணம், யார் யார் கையெழுத்து, அதிகபட்சம் எவ்வளவு இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏம் பாப்பா, போஸ்டாபீஸ்ல கெடக்குற காசக்கூட வெள்ளக்காரன்ட்ட சொல்லணுமா?"

"சொல்லணும்ப்பா."

"பெறகு அவன் கைமாத்துக் கேட்டான்னா?"

"ஆமா, உங்கட்ட வாங்கித்தான் அவன் பொழப்பு ஓடுது," என்றாள் அம்மா உள்ளிருந்து.

அப்பாவோடு சேர்ந்து வைத்திருந்த கணக்குக்காக நகரத்து வங்கிக்குப் போனபோது மேலாளர் இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் பெயர் உள்ளூர்க்காரர் டெபாசிட்டில் இப்படியே தொடரக் கூடாது, எடுத்துவிடுவதுதான் முறை. நல்லது என்று நினைத்தேன். போன ஆண்டு இருந்ததை எழுதுவது, இனிமேல் பெயரை எடுப்பது. ஒவ்வொரு வீட்டிலும் இந்த இரண்டு வேலைகள். நான்கு நாட்களில் அம்மாவின் தம்பி, வாடிப்பட்டி மாமா வீட்டைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே இருந்தது மாமாவின் மனைவி, என் அத்தையின் டெபாசிட். நான்குவழிச் சாலைக்கு எடுத்த நிலத்துக்கு வந்த பணத்தில் அத்தையின் அண்ணன்மார் அவளுக்குக் கொடுத்த பங்கு. மகளின் காலேஜுக்கு என்று போட்டு வைத்திருந்தாள். அவளும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும்.

அம்மாவும் நானும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாமா ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். என்றைக்கும் இல்லாத வரவேற்பு.

"வா மருமகளே! நீ வந்தது நல்லதாப் போச்சு. ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ."

"எதுக்கு மாமா?"

"கதிர் அறுக்குற மெஷின். கூட்டாளி பாதி, நான் பாதி. போட்ட காச ரெண்டே போகத்துல எடுத்துரலாம். ஒங்கத்த காசு சும்மாதான தூங்குது?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போனதும் மோர் வாங்கி வருகிறேன் என்று வெளியே கிளம்பிவிட்டார்.

நான் அத்தையிடம் என் இரண்டு வேலைகளையும் விளக்கினேன். பாஸ்புத்தகம் கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"எழுதவும் வேணாம், பேர எடுக்கவும் வேணாம். நான் ஒண்ணும் தர மாட்டேன்."

"அத்தை, எழுதுறதால யாரும் காசை எடுக்க மாட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதா? எழுதித் தொலை. பேர எடுக்காத."

"எடுக்கணும் அத்தை, அதான் சட்டம். ராசிக்காக இனிமே வேற பிள்ளை பேரைப் போட்டுக்கலாம்ல?"

"ராசியாவது ஒண்ணாவது!" அத்தை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒங்க மாமா மோரு வாங்கப் போயிருக்காரே, அவருக்காகத்தான் ஓம் பேரப் போட்டேன். எங்கையெழுத்த ஒரு நா கெஞ்சி, ஒரு நா ஏசி வாங்கிப்புடுவாரு. ஓங்கையெழுத்துக்கு அமெரிக்கா போவாரா? நீ பேர எடுத்தா அடுத்த வாரம் மெஷின் வந்து வாசல்ல நிக்கும். எம்பிள்ள மாடு மேய்க்கும்."

நான் போட்டிருந்த கட்டங்களில் இதற்கு இடமே இல்லை. யாருடைய பணம் என்று கேட்டிருந்தேன், யாரிடமிருந்து காக்க வேண்டிய பணம் என்று கேட்கவில்லை. ஆனாலும் விதியை வளைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. என் பெயர் போக வேண்டும். இரண்டாவது கையெழுத்து இருக்க வேண்டும். அதை மாமாவால் வாங்கவே முடியக் கூடாது. அப்படி ஓர் ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது.

வெகுதூரம் தேடவில்லை. அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா மீசை முளைத்த பிறகும் அக்காவிடம் அடி வாங்கியவர்.

"அத்தை, அம்மா பேரைப் போட்டா?"

அத்தை முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். "மதினி சம்மதிப்பாகளா?"

"எனக்கென்ன, எழுதத் தெரியாதா?" என்றாள் அம்மா. "பேனாவ எடுத்துட்டு வா, இப்பவே போவோம்."

மாமாவும் எங்களோடு வங்கிக்கு வந்தார், மெஷினுக்குத்தான் போகிறோம் என்ற நினைப்பில். பழைய டெபாசிட்டை முடிக்கும் தாளில் அத்தையும் நானும் கையெழுத்துப் போட்டபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. இடையில் முடிப்பதால் வட்டி கொஞ்சம் குறையும் என்று மேலாளர் எச்சரித்தார். "குறையட்டும்," என்றாள் அத்தை. புதுத் தாளை அம்மா தன் பக்கம் இழுத்தபோதுதான் மாமா எழுந்தார்.

"அக்கா, நீ எதுக்குப் போடுற?"

"எம்மருமக படிப்புக்குப் போடுறேன்."

"அப்ப மெஷினு?"

"மெஷினு வேணும்னா ஒத்தக்கடைக்கு வா. நெதானமாப் பேசுவோம்."

"பேசுவியா, அடிப்பியா?"

"வந்து பாரு."

கவுண்டரில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. புது ரசீதை வாங்கி, இரண்டு பெயர்களையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். பிறகுதான் பழைய பாஸ்புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "இந்தா, எம்புட்டு இருந்துச்சோ அம்புட்டையும் எழுதிக்க."

எழுதினேன். முழுத் தொகையையும், கிளையின் முகவரியோடு. இந்த மே மாதம் வரை என் பெயர் இருந்ததால் அடுத்த ஆண்டும் ஒரு முறை எழுத வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

நான் அமெரிக்காவுக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா ஒத்தக்கடைக்கு வந்தார், கை நிறைய மாம்பழத்தோடு. அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சொல்லுடா," என்றாள். வைகையில் தண்ணீர் விடுவார்களா, வெயில் எப்போது தணியும், உர விலை என்று ஒரு மணி நேரம் பேசினார். மெஷின் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. மூன்று மணிக்கு, "வாரேங்கா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.