முதல் குழிக்கு என்ன எண்?

தொண்ணூறுகளின் கடைசியில், மராத்தி பேசும் ஊரான ரஞ்சன்காவில் வால்வுகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்காக நான் வேலை பார்த்தேன். பன்னிரண்டு குழிகள் உள்ள தட்டில் வால்வுகளை வைத்தால், இயந்திரம் ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்துக் கசிகிறதா என்று பார்க்கும். அதைக் கணினியிலிருந்து இயக்கும் கட்டளைகளை நான் எழுதிக் கொடுத்தேன். அவற்றைக் கொண்டு சோதனை ப்ரோக்ராம் எழுதியவர் அங்கிருந்த பொறியாளர். நகரத்தின் பழைய கன்டோன்மென்ட் பகுதியான கேம்பில் பல காலமாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்; என் வயதுதான்.

என் கட்டளைகளில் முதல் குழியின் எண் பூஜ்யம். கணினிக்காரர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கையேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துபோனேன்.

ஒரு நாள் காலை அவர் போன் செய்தார்.

“ஸ்கிரீன்ல ஆறாம் நம்பர் கராப்னு வருது. எடுத்துப் பாத்தா பில்குல் டீக், ஒரு குறையும் இல்ல. ஏழுதான் லீக் ஆவுது. நல்லதைத் தூக்கிப் போட்டுட்டு லீக்கானதைப் பேக் பண்ணிட்டாங்க.”

நான் அவசரமாகக் கேட்டேன்: “பெட்டி போயிடுச்சா?”

“இல்ல, நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க வாங்க.”

திட்டு விழும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் இயந்திரத்தின் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டு, “மத்தியானம் வரைக்கும் இங்க உக்காந்து பாருங்க” என்றார்.

அந்தத் தட்டை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். நேரில், குழிகளின் ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது. வேலை செய்த பெண்கள் திரையில் எண்ணைப் பார்த்ததும் அவர்கள் கை நேராக அந்தக் குழிக்குப் போனது. யோசிக்க அவர்களுக்கு நேரமே இல்லை.

“உங்க நம்பரோட நான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டி ஸ்கிரீன்ல காட்டணும். ஒரு இடத்துல மறந்துட்டேன்,” என்றார் அவர். “இன்னொரு நாளும் மறப்பேன்.”

அன்றைக்கே எண்களை ஒன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். யாராவது பூஜ்யம் கொடுத்தால் பிழை காட்டி நிற்கும்படியும் செய்தேன். அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையை மேலாளர் பிறகு காட்டினார். ‘பயன்படுத்துபவரின் வசதிக்காக எண் முறை மாற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. என் மேல் ஒரு வார்த்தை குறை இல்லை. உடனே போன் செய்து நன்றி சொன்னேன்.

“அரே, பாதித் தப்பு என்னுது. விடுங்க,” என்று சிரித்தார்.

அதே கட்டளைகள் பிறகு வேறு தொழிற்சாலைகளுக்கும் போயின. அதற்குள் அவர் வேலை மாறிப் போய்விட்டார். ஒவ்வொரு இடத்திலும் தட்டை முதலில் நேரில் பார்த்துவிட்டுத்தான் நான் கணினியைத் திறந்தேன்.