தனசேகரின் பத்தொன்பது நோட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை மந்தாரக்குப்பத்தில் ஒரு காபி குடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. காபி மேல் குற்றம் இல்லை... கூடவே வந்த செய்திதான்.

தனசேகரை இந்தப் பக்கத்தில் ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? நிலக்கரி மைன்ஸில் வேலை. ஷிப்ட் முடிந்தால் வாட்ச் ஆராய்ச்சி. யாரும் செய்யச் சொல்லவில்லை, பத்து பைசா வருமானமும் இல்லை. டவுன்ஷிப்பில் யார் கையில் சாவி கொடுக்கிற பழைய வாட்ச் இருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவார். பின்மூடி எண்ணை வைத்து எந்த வருஷம் செய்தது, எங்கே வாங்கியது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது — எல்லாம் நோட்டில் ஏறும். கடைசி வரியில் ‘ஓடுகிறது’ அல்லது ‘ஓடவில்லை’. சொந்தக்காரர் சொன்னால் போதாது. தானே காதை வைத்துக் கேட்டால்தான் எழுதுவார். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மணிக்கட்டில் காதை வைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு... இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, மாரடைப்பில் போய்விட்டார். மூன்று மாதம் ஆகிறது. பத்தொன்பது நோட்டுகளையும் வாங்கிக்கொண்டு போய்ப் புத்தகமாக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தவன் நான்தான். வேறு பிரதியும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி வசந்தாவின் வாடகை வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டுச் சொன்னார் — கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது நோட்டுகளை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டாராம்.

படிவம் மாறியதால் மைன்ஸில் கழித்துப் போட்ட, எழுதாத ஷிப்ட் லாக் புக்குகளைக் கேட்டு வாங்கித்தான் தனசேகர் எழுதினார். அட்டையில் கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது.

“ஆபீஸ் சாமானை நாம எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்னு, சாவியோட சேத்துக் குடுத்துட்டேங்க,” என்றார்.

குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்தப் பயம் புரியும். காலி செய்யும்போது ஒரு ஃபேன் குறைந்தால்கூட எத்தனை நடை நடக்க வேண்டும்! அந்தம்மாவை என்ன சொல்வது?

ஆபீஸில் ஒப்படைத்ததெல்லாம் போய்ச் சேரும் ஸ்டோருக்கு ஓடினேன். கழித்த காகிதமெல்லாம் முந்தின வாரமே லாரியில் போய்விட்டது என்றார்கள். அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போய்ச் சேர்ந்தவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

உள்ளேயிருந்து வந்த ஸ்டோர்கீப்பர் கலியமூர்த்தி, எந்த நோட்டு என்று விசாரித்தார். சொன்னேன். அலமாரியைத் திறந்தார். பத்தொன்பதும் அடுக்காக இருந்தன!

கம்மாபுரத்துக்காரர் அவர். லாரியில் ஏற்றுமுன் சும்மா ஒன்றைப் புரட்டியிருக்கிறார். அதில் அவருடைய அப்பா பெயர். நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்த வருஷம் அப்பா வாங்கிய வாட்ச். அப்புறம் ஏற்ற மனசு வரவில்லையாம். அப்பாடா! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன்?

ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

“அப்பா வாட்ச்சு ‘ஓடவில்லை’ன்னு எழுதியிருக்காருங்க. அப்புறம் நான் ரிப்பேர் பண்ணி, இப்ப கட்டிக்கினு இருக்கேன். அத மட்டும் திருத்திட்டு எடுத்துக்கினு போங்க சார்.”

பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. தனசேகர் நோட்டாயிற்றே... சொன்னால் போதுமா? குனிந்து கலியமூர்த்தியின் மணிக்கட்டில் காதை வைத்தேன். கவுன்ட்டரில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

‘ஓடுகிறது’ என்று எழுதினேன்.