அம்மன் முகத்துக்குப் பாலிசி உண்டா?

பிள்ளைகளே, நம் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே, அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று நீங்கள் பெரியவர்களாகி வீடு கட்டும்போது தெரிந்திருக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். பாலிசியில் இருந்த பொடி எழுத்தை வாசித்து நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. தென்னை மரம் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசி வரைக்கும் காற்று பேயாய் அடித்த ஆனி மாதம் அது. நம் தெரு அம்மனுக்குக் கொடைத் திருவிழாவில் சாத்தும் வெள்ளி முகம் அந்த வருஷம் அதன் பெட்டியோடு நம் வீட்டில் இருந்தது. ஒரு கொடை முடிந்து அடுத்த கொடை வரை, கோயில் வரி கொடுக்கும் வீடுகளில் ஒரு வீடு அதை வைத்திருப்பது வழக்கம். ஆள் படுக்கிற அறையில் அந்தப் பெட்டியை வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். நமக்கு இருப்பதோ காங்கிரீட் போட்ட இரண்டே அறை. ஒன்றில் நீங்களும் அம்மாவும் படுப்பீர்கள், இன்னொன்றில் நான். அதனால் பின்னால் ஷீட் போட்ட அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்திருந்தோம்.

பக்கத்து வீட்டுத் தென்னை அந்த அறை மேலேயே விழுந்தது. மெஷின் நசுங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அம்மனின் இடது கன்னம் உள்ளே போயிருந்தது. ஆடிக் கொடைக்கு ஒரு மாதம்கூட இல்லை. தெருவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் கேட்டு உங்கள் மாமா பண்பொழியிலிருந்து வந்தார்.

"எதுக்கு மாப்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீரு? பாலிசி இருக்குல்லா? எல்லாத்துக்கும் சேத்துக் கேளும்."

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒரு பெண். ஸ்கூட்டரில் வந்து போட்டோ எடுத்தார். காற்றில் மரம் விழுந்து உடைந்த கூரைக்கு உண்டு, மெஷினுக்கும் உண்டு என்றார். மாமா உடனே பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"இது உங்க வீட்டு வெள்ளியா அண்ணாச்சி?" என்று சர்வேயர் என்னைக் கேட்டார்.

மாமா என் முதுகில் குத்தினார். "ஆமான்னு சொல்லும்வே. அம்மன் வந்து சாட்சி சொல்லப் போறாளா?"

உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா இரிண்ணே. இவுக ஆமான்னு கையெழுத்துப் போட்டா, அம்மனையே தம்பேருக்கு எழுதிக்கிட்டாம்னு தெருவே வாசல்ல வந்து நிக்கும். அப்பொறம் கொடைக்கு ஒம் மொகத்துல மஞ்சளப் பூசி வைப்போமா?"

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். நான், "தெருவோடது மேடம். நான் வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். சொந்த நகை, வெள்ளி என்றால்கூடத் தனியாகச் சொல்லி, மதிப்பு எழுதிச் சேர்த்திருக்க வேண்டுமாம். அடுத்தவர் பொருள் நம் வீட்டில் இருப்பதாலேயே அது நம் பாலிசிக்குள் வந்துவிடாது. "வைக்கதுக்கு முன்னாலயே கேட்டிருந்தா, சேக்க முடியுமா முடியாதான்னு கம்பெனில சொல்லிருப்பாங்க அண்ணாச்சி. கோயில் பேர்ல தனியாவும் கேட்டுப் பாக்கலாம்."

சாயங்காலம் பெட்டியோடு தெருப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றேன். தலைவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷீட்டு ரூம்ல போயா வச்ச?"

"படுக்க எடத்துல வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய அண்ணாச்சி?"

பக்கத்தில் இருந்தவர், "விடும்வே, சீசன் காத்துல அம்மனும் கொஞ்சம் மெலிஞ்சிட்டா" என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆசாரியிடம் கொடுத்துத் தட்டி எடுப்பது, செலவைத் தெருவே பார்ப்பது, கோயில் பேரில் ஒரு பாலிசி கேட்பது என்று முடிவானது. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

முகம் சரியாகித் திரும்பி வந்த அன்று நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். உங்கள் அம்மாவும் வீட்டில் இல்லை. நான் என் அறையைக் கழுவிவிட்டு அம்மன் பெட்டியை அங்கே வைத்தேன். பிறகு கட்டிலைக் கழற்றி, ஒவ்வொரு காலாகத் தூக்கிப்போய், புதுக் கூரை போட்ட ஷீட் அறையில் மாட்டிப் போட்டேன்.