இரண்டு விரல் விசில்

"இது பொன்னுக்கு வீங்கிதான். எங்கண்ணனுக்கும் இப்படித்தான் வீங்குச்சு." லீலாவதி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி, தாடை வீங்கி நின்ற கணவரின் கழுத்தில் போட்டாள்.

"சாப்பிடுறப்ப மட்டும் வீங்குமாம்மா அது?" என்றாள் மகள் சுகன்யா.

"பொம்பள நகையப் போட்டுக்கிட்டு நின்னா பஸ்ஸுல எவன் ஏறுவான்?" என்றார் அய்யம்பெருமாள்.

"ஏறுவாங்க, மாப்பிள்ளை வந்துட்டாருன்னு," என்றாள் லீலாவதி.

சங்கிலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போனார். ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் போகும் மினி பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். இரும்பு விசில் வைத்துக்கொள்ளமாட்டார். இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தால் தெருக்கோடியில் வருபவனும் ஓடிவருவான். சீட் காலியாகக் கிடந்தாலும் படியில்தான் நிற்பார்.

நாக்குக்கடியில் சீழ் வந்த பிறகே டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன் எடுக்கச் சங்கிலியைக் கழற்றினார்கள். தாடைக்குக் கீழே, எச்சில் சுரப்பியில் கல். லீலாவதி சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆங்கில ரிப்போர்ட்டைப் படித்து, டாக்டர் சொன்னதையும் சேர்த்து சுகன்யாதான் அப்பாவுக்கு விளக்கினாள். கல் எச்சில் குழாயின் முன்பக்கம் இருந்தால் நாக்கினடியில் சின்னக் கீறலோடு முடிந்துவிடும். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுக் குட்டிக் கூடையால் இழுப்பதும் உண்டு. அதற்கு இந்தக் கல் பெரியது, சுரப்பியை ஒட்டியும் இருக்கிறது. முதலில் வாய்வழியே முயல்வார்கள். வராவிட்டால் கழுத்தில் கீறிச் சுரப்பியையே எடுப்பார்கள். அங்கே உதட்டு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு உதட்டோரம் இறங்கிப்போகும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

"பெரும்பாலும்னா?"

சுகன்யா ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"கல்லோடயே இருந்துடறேன்."

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி முன் நின்று விசில் அடித்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டில் சும்மா இறங்கி ஏறுவார். புளிக்குழம்பு வாசனைக்கே தாடை புடைக்கும். ஒருநாள் கஞ்சியும் இறங்காமல் பாதித் தட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பின்னால் போன சுகன்யா, அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருப்பதைப் பார்த்தாள். அவர் அப்படி ஓய்ந்து உட்கார்ந்து அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். இருந்தாலும் சுரப்பியை எடுக்குமுன் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்பேன் என்றிருந்தார் டாக்டர். உள்ளே கூப்பிடும்வரை வராந்தாவில் நடந்துகொண்டேயிருந்தவர், மகளைத் தனியே அழைத்தார்.

"நான் மயக்கத்துல கெடப்பேன். வாய் வழியா வரலைன்னா உங்களத்தான் வந்து கேப்பாங்க. உங்கம்மா என் விசில நெனச்சுக்கிட்டு வேணாம்னுடுவா. நீ முந்திக்கிட்டு, எடுத்துடுங்கன்னு சொல்லிடு."